‘ஹால்சியன்’ என்ற ஆங்கிலச் சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சனிக்கிழமை மாலைகளில் ஆங்கில நூல்களைச் சேர்ந்து வாசிக்கும் சிறு வகுப்பு ஒன்றை நடத்திவருகிறேன். கல்லூரி மாணவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், மொழிபெயர்ப்பில் ஆர்வம் உள்ளவர்கள் எனப் பலரும் வருகிறார்கள். ‘ஹால்சியன் டேஸ்’ என்ற தொடர் கண்ணில் பட்டால் வாசிப்பு அங்கேயே நின்றுவிடும். அகராதியில் பொருள் பார்த்துவிடுகிறார்கள், ஆனால் அதோடு மனம் அடங்குவதில்லை. ஆண்டுதோறும் அதே சந்தேகங்கள் வருவதால், கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

டீச்சர், இதை எப்படி உச்சரிப்பது? ஹால்சியனா, ஹல்கியோனா?

ஆங்கிலத்தில் ‘ஹால்சியன்’. அழுத்தம் முதல் அசையில். எழுத்துகள் எச், ஏ, எல், சி, ஒய், ஓ, என். கிரேக்கத்தில் இது ‘அல்கியோன்’. அங்கே ஒலி ககரம்தான். லத்தீன் வழியாக மேற்கு ஐரோப்பாவுக்கு வந்தபோது அந்த ககரம் சகரமாக மெலிந்தது. ‘கிக்கெரோ’ என்ற ரோமானியர் ஆங்கிலத்தில் ‘சிசரோ’ ஆனதும் இப்படித்தான். கீழே கதைமாந்தர் பெயர்களைக் கிரேக்க ஒலிக்கு நெருக்கமாகவே எழுதுகிறேன்.

பொருள் என்ன? ‘சந்தோஷமான பழைய நாட்கள்’ என்று சொன்னால் போதாதா?

இன்றைய ஆங்கிலத்தில் அமைதியான, கவலையற்ற, வளமான என்று பொருள். பெரும்பாலும் ‘டேஸ்’ என்ற பன்மையோடு சேர்ந்து வரும், கடந்துபோன காலத்தைக் குறிக்கும். போருக்கு முந்தைய ஆண்டுகள், ஒருவரின் பிள்ளைப் பருவம், ஓர் ஊரில் ஆலை ஓடிக்கொண்டிருந்த காலம் ஆகியவற்றுக்கெல்லாம் இந்தத் தொடரைப் போடுவார்கள்.

போதும் என்று நான் சொல்லமாட்டேன். மூலத்தில் இந்தச் சொல் குறித்தது வேறொன்று: கடுங்குளிர்காலத்தின் நடுவில், இரண்டு புயல்களுக்கு இடையில், கடல் சில நாட்கள் அசையாமல் கிடப்பது. முன்னும் பின்னும் கொந்தளிப்பு இருந்தால்தான் இந்தச் சொல்லுக்கு வேலை. கதை படிக்கும்போது நான் இதைக் கவனிப்பதுண்டு. எழுதுகிறவர் சொல்லின் எடை தெரிந்தவராக இருந்தால், ‘ஹால்சியன்’ வந்த சில பக்கங்களுக்குள் ஏதோ ஒன்று உடைந்துவிடும்.

இது பறவையின் பெயர் என்கிறார்களே, எந்தப் பறவை?

மீன்கொத்தி. பழைய கிரேக்கர்கள் ‘அல்கியோன்’ என்று அழைத்த பறவையை மீன்கொத்தி என்றே பெரும்பாலோர் கொள்கிறார்கள். ஆங்கிலத்திலும் முதலில் வந்தது பறவையின் பெயர்தான், 14ஆம் நூற்றாண்டின் இறுதியில். ‘அமைதியான’ என்ற பெயரடையாக அது நிலைத்தது 16ஆம் நூற்றாண்டில். பறவையின் பெயர் எப்படி நாட்களின் பெயர் ஆயிற்று என்பதற்கு அடுத்த கேள்வியில் வரும் கதைதான் பதில்.

அந்தக் கதையை முழுதாகச் சொல்லுங்களேன்.

விரிவாகச் சொன்னவர் கி.மு. 43இல் பிறந்த ரோமானியக் கவிஞர் ஓவிட். உருமாற்றக் கதைகளால் ஆன தம் நெடுங்காவியத்தின் 11ஆம் பகுதியில் முந்நூறு அடிகளுக்கு மேல் இதற்கு ஒதுக்கியிருக்கிறார். டிராகிஸ் நாட்டு அரசன் கேயிக்ஸ், விடிவெள்ளியின் மகன். அவன் மனைவி அல்கியோனே, காற்றுகளை அடைத்துக் காவல் காக்கும் ஏயோலஸின் மகள். சகோதரனுக்கு நேர்ந்த கேட்டினால் மனம் கலங்கிய கேயிக்ஸ், கடல் கடந்து கிளாரோஸில் உள்ள அப்பல்லோவின் கோயிலில் குறி கேட்கப் புறப்படுகிறான். அவள் தடுக்கிறாள். ‘என் தந்தை காற்றுகளை அடக்குபவர் என்று நம்பிப் போகாதீர்கள். அவற்றைச் சிறுமியாக இருந்தபோதே எங்கள் வீட்டில் பார்த்தவள் நான். கரையில் உடைந்த பலகைகளைப் பார்த்திருக்கிறேன். உடல் இல்லாத கல்லறைகளில் பெயர்களைப் படித்திருக்கிறேன்’ என்பது அவள் பேச்சின் சாரம். நிலவு இரண்டு முறை நிறைவதற்குள் திரும்பிவிடுவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு அவன் போகிறான்.

இரவில் புயல் பிடிக்கிறது, கப்பல் சிதறுகிறது. ஒரு பலகையைப் பற்றிக்கொண்டு மிதக்கும் கேயிக்ஸ் அவள் பெயரையே சொல்லிக்கொண்டிருக்கிறான். தண்ணீர் வாயை மூடும்போதும் அதுதான் பேச்சு. வானத்தை விட்டு இறங்க முடியாத அவன் தந்தை விடிவெள்ளி அன்று முகத்தை மேகத்தால் மூடிக்கொள்கிறது. ஏதும் அறியாத அல்கியோனே இரவுகளை எண்ணுகிறாள், அவன் வந்ததும் உடுத்தத் துணி நெய்கிறாள், ஜூனோ தேவியின் பீடத்தில் நாள்தோறும் வேண்டுகிறாள். இறந்தவனுக்காக உயிர்ப்பிச்சை கேட்டுப் பீடத்தைத் தொடும் அந்தக் கைகளைத் தேவியாலேயே தாங்க முடியவில்லை. உண்மையைச் சொல்ல ஒரு கனவை அனுப்புகிறாள்.

விடிந்ததும் அல்கியோனே, கப்பல் புறப்பட்டதைப் பார்த்து நின்ற அதே இடத்துக்கு ஓடுகிறாள். தொலைவில் ஓர் உடல் மிதந்து வருகிறது. நெருங்க நெருங்க யார் என்று தெரிகிறது. அலைத்தடுப்புச் சுவரின் மேல் ஏறிக் குதிக்கிறாள், விழவில்லை, பறக்கிறாள். புதிதாக முளைத்த அலகால் அவன் முகத்தைத் தொடுகிறாள். அவன் முகம் நிமிர்ந்தது போலிருந்தது. அவன் உணர்ந்தானா, அலைதான் தூக்கியதா என்று பார்த்தவர்களுக்கு ஐயம். உணர்ந்தான் என்கிறார் ஓவிட். இருவரும் பறவைகள் ஆனார்கள். குளிர்காலத்தில் ஏழு நாட்கள் அவள் கடல்மேல் மிதக்கும் கூட்டில் அடைகாக்கிறாள். பேரக்குழந்தைகளுக்காக ஏயோலஸ் அந்த நாட்களில் காற்றுகளை வெளியே விடுவதில்லை. அந்த நாட்கள்தான் ‘ஹால்சியன்’ நாட்கள். வகுப்பில் எத்தனை முறை சொன்னாலும் இந்த இடத்தில் எனக்குக் குரல் கம்மிவிடும்.

கனவை அனுப்பினாள் என்றீர்களே, மார்ஃபின் மருந்தின் பெயர் அந்தக் கனவிலிருந்து வந்தது என்பது உண்மையா?

உண்மை. ஜூனோ தன் தூதுவளான ஐரிஸை, அதாவது வானவில்லை, உறக்கத்தின் கடவுள் சோம்னஸின் குகைக்கு அனுப்புகிறாள். அங்கே சேவல் கூவாது, நாய் குரைக்காது. கீல் கிறீச்சிடக்கூடாது என்பதற்காக அந்த வீட்டில் கதவே கிடையாது. வாசலில் கசகசாச் செடிகள் பூத்துக் கிடக்கும். ஐரிஸ் வழியை மறைக்கும் கனவுகளைக் கையால் விலக்கிக்கொண்டு உள்ளே போகிறாள். செய்தியைச் சொன்னதும், தனக்கும் தூக்கம் ஏறுவதை உணர்ந்து விரைந்து வெளியேறுகிறாள். சோம்னஸின் பிள்ளைகளில் மனித உருவத்தை அப்படியே எடுக்கத் தெரிந்தவன் மார்ஃபியஸ். அவன்தான் நீர் சொட்டும் கேயிக்ஸாக அல்கியோனேயின் கட்டிலருகே நிற்கிறான்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய மருந்தாளர் செர்ட்யூர்னர் அபினிலிருந்து பிரித்தெடுத்த பொருளுக்கு மார்ஃபியஸின் பெயர் அமைந்தது. கசகசாச் செடியின் காயிலிருந்துதான் அபின் கிடைக்கிறது என்பதால் பொருத்தம் இரட்டிப்பு. தூக்கமின்மையைக் குறிக்கும் ‘இன்சோம்னியா’ உறக்கத்துக்கான லத்தீன் சொல்லான ‘சோம்னஸ்’ வழி வந்தது. கண்ணின் கருவிழிப் படலம் ‘ஐரிஸ்’ என்று வழங்குவதும் வானவில்லின் பெயரால்தான்.

கேயிக்ஸின் அப்பா பெயர் லூசிஃபர் என்று ஒரு மொழிபெயர்ப்பில் படித்தேன். சாத்தானா அவர்?

இல்லை. ‘லூசிஃபர்’ லத்தீனில் ‘ஒளியைக் கொண்டுவருவது’ என்று பொருள்படும் சாதாரணச் சொல், விடிவெள்ளியின் பெயர். விவிலியத்தில் ஏசாயா நூலின் 14ஆம் அதிகாரத்தில், வானத்திலிருந்து வீழ்ந்த விடிவெள்ளியே என்று ஓர் அரசனை விளிக்கும் வசனம் உண்டு. லத்தீன் விவிலியம் அங்கே இதே சொல்லைப் பயன்படுத்தியது. பின்னாளில் கிறித்தவ மரபு அந்த வசனத்தைச் சாத்தானின் வீழ்ச்சியாகப் படித்ததால் பெயர் அவனுக்கு ஒட்டிக்கொண்டது. ஓவிட் எழுதும்போது அந்த நிழல் அதன்மேல் விழவே இல்லை.

வேறு ஒரு தொகுப்பில், கர்வத்தால் சாபம் பெற்று இருவரும் பறவையானதாக இருக்கிறதே, எது சரி?

இரண்டும் பழையவைதான். அப்பல்லோடோரஸின் பெயரால் வழங்கும் கிரேக்கப் புராணத் தொகுப்பில் கதை ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. கணவன் தன் மனைவியைத் தேவர்களின் அரசி ஹீரா என்றான், மனைவி தன் கணவனைத் தேவர்களின் அரசன் ஜீயஸ் என்றாள். சினந்த ஜீயஸ் அவளை மீன்கொத்தியாகவும் அவனை வேறொரு கடற்பறவையாகவும் மாற்றிவிட்டான். அங்கே அது தண்டனை, ஓவிட்டிடம் இரக்கம். இருவரும் ஒரே இனப் பறவைகளாவதும் ஓவிட்டில்தான்.

14ஆம் நூற்றாண்டின் ஆங்கிலக் கவிஞர் சாசர் இதை மறுபடி சொன்னபோது பறவையாவதையே விட்டுவிட்டார். அவருடைய அல்கியோனே மூன்றாம் நாள் துயரத்தால் இறந்துபோகிறாள், அவ்வளவுதான். எனக்குச் சாசரைப் பிடிக்கும், ஆனால் இந்த இடத்தில் அவரோடு உடன்பட முடியவில்லை. பறவை போனால் காற்றடங்கிய நாட்களும் போய்விடுகின்றன.

சிலர் ஏழு நாள் என்கிறார்கள், சிலர் பதினான்கு என்கிறார்கள்?

ஓவிட் ஏழு என்கிறார். அவருக்கு ஏறக்குறைய மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முன் அரிஸ்டாட்டில், ஆண்டின் மிக நீண்ட இரவுக்கு முன் ஏழு நாள், பின் ஏழு நாள் என்று எழுதினார். முதல் ஏழில் கூடு கட்டுதல், பின் ஏழில் முட்டையிட்டுக் குஞ்சு வளர்த்தல். அவருக்கும் முந்தைய கவிஞர் சிமோனிடெஸ் சொன்ன பதினான்கு நாள் கணக்கையும் அவரே மேற்கோள் காட்டுகிறார்.

இன்றைய நாட்காட்டியில் டிசம்பர் 14 முதல் 28 வரை என்று வைத்துக்கொள்ளலாம். நம் மார்கழியின் முற்பாதியோடு ஒட்டி வருகிறது என்று ஒருவர் ஒவ்வோர் ஆண்டும் சொல்வார். ஒட்டி வருவது சரி, ஆனால் இரண்டுக்கும் உறவு எதுவும் இல்லை.

மீன்கொத்தி உண்மையில் கடலில் மிதக்கும் கூடு கட்டுமா?

கட்டாது. மீன்கொத்தி மண்கரையைக் குடைந்து வளை போடும் பறவை. எங்கள் வயல் கிணற்றின் மண்சுவரில் அப்படி ஒரு வளை இருந்தது. வாய் என் மணிக்கட்டு நுழையும் அளவு, அதன் கீழே வெள்ளை எச்சக் கோடுகள், அருகே குனிந்தால் மீன்சந்தை வாடை. உள்ளே கடைசியில் அறைபோல அகன்ற இடத்தில் உருண்டையான வெண்முட்டைகளை இடும். ஐரோப்பாவில் இது நடப்பது வசந்தத்திலும் கோடையிலும், கடுங்குளிரில் இல்லை.

ஆனால் பழைய நம்பிக்கையில் ஒரு நூலிழை உண்மை இருக்கிறது. அல்கியோனின் கூடு எதனால் ஆனது என்று யாருக்கும் தெளிவாகத் தெரியாது, ஒருவகை மீனின் முட்களால் ஆனதாக இருக்கலாம் என்று அரிஸ்டாட்டில் எழுதினார். மீன்கொத்தி விழுங்கிய மீனின் செரிக்காத முட்களை உருண்டையாகக் கக்கும். அவை உதிர்ந்து வளைத் தரையில் பரவிக் கிடக்கும். முட்டைகள் கிடப்பது அந்த முட்களின் மேல்தான். யாரோ ஒருவர் ஒரு வளையைத் தோண்டிப் பார்த்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

கூடே பொய் என்றால் அந்த அமைதியான நாட்களும் கற்பனைதானே?

நாட்கள் உண்மை. கிரேக்கத்தில் டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரைக்குள், பெரும்பாலும் ஜனவரியில், காற்றழுத்தம் உயர்ந்து, வானம் தெளிந்து, காற்று ஓய்ந்து, வெயில் இதமாகக் காயும் நாட்கள் சில வருவதுண்டு. ஏதென்ஸ்வாசிகள் கோட்டைக் கழற்றிவிட்டுக் கடற்கரையில் நடப்பார்கள். இவற்றை அவர்கள் இன்றும் ‘அல்கியோனிடெஸ்’ நாட்கள் என்றே அழைக்கிறார்கள். வானிலை ஆய்வாளர்களும் அதே பெயரில் ஆராய்கிறார்கள்.

தேதிதான் சொன்னபடி வருவதில்லை. இதையும் அரிஸ்டாட்டில் மறைக்கவில்லை. தம் கிரேக்கப் பக்கத்தில் நீண்ட இரவை ஒட்டி இந்த அமைதி எப்போதும் வாய்க்கும் என்று சொல்ல முடியாது, சிசிலிக் கடலில் ஏறத்தாழ எப்போதும் வாய்க்கிறது என்று சொல்லிவைத்தார்.

கிரேக்கத்தில் ‘அல்கியோன்’ என்றால், முன்னால் உள்ள ‘எச்’ எங்கிருந்து வந்தது?

பின்னால் சேர்ந்தது. கிரேக்கத்தில் கடலுக்கு ‘ஹல்ஸ்’ என்று ஒரு சொல் உண்டு, கருக்கொள்வதற்கு ‘கியோ’ என்ற வினை உண்டு. கடலில் கருக்கொள்பவள் என்று பிரித்துப் பொருள் சொல்ல ஆசைப்பட்டவர்கள் பெயரின் தலையில் ஹகரத்தை ஏற்றிவிட்டார்கள். கதைக்கு ஏற்றபடி சொல்லைத் திருத்திய வேலை இது. மீன்கொத்திக்கு லத்தீனில் ‘அல்கேடோ’ என்று பெயர், அதில் ஹகரம் கிடையாது.

ஷேக்ஸ்பியர் ‘ஹால்சியன் அலகு’ என்று திட்டுவதற்குப் பயன்படுத்தியிருக்கிறாரே, அமைதிக்கும் திட்டுக்கும் என்ன தொடர்பு?

நல்ல கேள்வி, வேறு ஒரு நம்பிக்கையைத் தொடுகிறது. இறந்த மீன்கொத்தியைக் கயிற்றில் தொங்கவிட்டால் அதன் அலகு காற்று வீசும் திசைக்குத் திரும்பும் என்று ஆங்கிலேயர் நம்பினார்கள். லியர் அரசன் நாடகத்தில் கெண்ட், எசமானனின் மனநிலை மாறும் பக்கமெல்லாம் அலகைத் திருப்புகிறவர்கள் என்று அடிவருடிகளை ஏசுகிறார். அதே ஷேக்ஸ்பியரின் ஆறாம் ஹென்றி முதல் பாகத்தில், பிரெஞ்சு வீராங்கனை ஜோனின் வாய்மொழியாக ‘ஹால்சியன் நாட்கள்’ நாம் மேலே பார்த்த பொருளிலேயே வருகிறது.

நம்பிக்கையைச் சோதித்தவரும் உண்டு. நாரிச் நகர மருத்துவர் தாமஸ் பிரவுன், 1646இல் வெளியான தம் நூலில், மீன்கொத்தியைப் பட்டு நூலில் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்ததை எழுதினார். இரண்டு பறவைகளைத் தொங்கவிட்டபோது அவை ஆளுக்கொரு பக்கம் பார்த்தன.

கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தில் இருக்கும் ‘அல்சியோனே’ இவள்தானா?

பெயர் ஒன்று, ஆள் வேறு. கார்த்திகைக் கூட்டத்தைக் கிரேக்கர்கள் அட்லஸின் ஏழு புதல்விகள் என்றார்கள். அவர்களில் ஒருத்தியின் பெயரும் அல்கியோனே. கூட்டத்திலேயே ஒளி மிகுந்த விண்மீனுக்கு அவள் பெயர். நம் கதையின் அல்கியோனே ஏயோலஸின் மகள். போதாததற்கு, அல்கியோனியஸ் என்ற அரக்கன் இறந்தபோது கடலில் குதித்து மீன்கொத்திகளாக மாறிய அவன் மகள்களின் கதையும் ஒன்று உண்டு. தேர்வில் எழுதுகிறவர்கள் தந்தை பெயரைச் சேர்த்து எழுதிவிடுங்கள், குழப்பம் வராது.

நம் ஊர் மீன்கொத்திக்கும் இந்தப் பெயருக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

நேரடியாகவே உண்டு. மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும், பழுப்புத் தலையும் வெண்மார்பும் நீல முதுகும் சிவந்த பெரிய அலகும் கொண்ட வெண்மார்பு மீன்கொத்தியின் அறிவியல் பெயர் ‘ஹால்சியான் ஸ்மிர்னென்சிஸ்’. ‘ஸ்மிர்னா’ என்பது துருக்கியில் உள்ள இன்றைய இஸ்மிர் நகரம். இதை முதலில் வாசித்த அன்று எனக்குச் சிலிர்த்துவிட்டது. கேயிக்ஸ் போய்ச் சேர விரும்பிய கிளாரோஸ் இருப்பது அதே இஸ்மிர் மாகாணத்தில். அவன் எட்டாத கரையின் பக்கத்து ஊரை நம் வயல்வெளிப் பறவை பெயரில் சுமந்துகொண்டிருக்கிறது. மேற்குத்தொடர்ச்சி மலைக் காட்டோடைகளில் காணும் மிகச்சிறிய மூவிரல் மீன்கொத்தியின் பேரினப் பெயரோ ‘சீயிக்ஸ்’, கணவனின் பெயர்.

தமிழில் இப்பறவைக்குச் சிச்சிலி, சிரல் என்ற பழைய பெயர்கள் உண்டு. சிறுபாணாற்றுப்படையில் ‘பொன்வாய் மணிச்சிரல்’ காஞ்சி மரக் கொம்பில் ஏறி, ஆழமான மடுவை நோக்கி நெடுநேரம் காத்திருந்து கயலை எடுக்கிறது. அதன் நகம் கிழித்த தாமரை இலையின் வடுவைக்கூடப் புலவர் விட்டுவைக்கவில்லை. அந்தக் காத்திருப்பைப் பார்க்க வேண்டுமானால் காலையில் ஏதாவது ஏரிக்கரைக்குப் போய் அரை மணி நேரம் நில்லுங்கள்.

நான் ஒரு கதையில் ‘ஹால்சியன் டேஸ்’ என்பதைப் ‘பொற்காலம்’ என்று மொழிபெயர்த்தேன். தவறா?

தவறு என்று அடித்துவிடமாட்டேன். அரசாட்சி, கலை, வணிகம் செழித்த காலத்தைப் பேசும் கட்டுரையில் பொற்காலம் நிற்கும். ஆனால் அந்தச் சொல்லில் பகட்டு இருக்கிறது, ‘ஹால்சியன்’ சத்தமில்லாத சொல். இரண்டாம் கேள்விக்குச் சொன்னதை நினைவில் வைத்து, எழுதியவர் எந்தப் புயல்களுக்கு நடுவில் இதை வைத்திருக்கிறார் என்று முதலில் பாருங்கள். ‘நிம்மதியான நாட்கள்’ பல இடங்களுக்குப் போதும். கடல், காற்று ஏதேனும் அருகில் வந்தால் ‘காற்றடங்கிய நாட்கள்’ என்று துணிந்து எழுதலாம். அடிக்குறிப்பு மட்டும் வேண்டாம்.

சென்ற ஆண்டு வகுப்பில் ஒரு மாணவி மொழிபெயர்த்த கதையில், தந்தை நோயில் விழுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளைப் பற்றி மகள் சொல்லும் வரியில் இந்தத் தொடர் வந்தது. ‘பொற்காலம்’ என்று முதலில் எழுதியிருந்தாள். அல்கியோனேயின் கதையைக் கேட்டுவிட்டுப் போனவள் மறுவாரம் அதை அடித்துவிட்டு, ‘அப்பா காற்றைப் பிடித்துவைத்திருந்த நாட்கள்’ என்று எழுதி வந்தாள். மூலத்தில் அப்படி இல்லை என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆட்சேபித்தார், அவர் சொன்னதும் நியாயம்தான். நான் அந்த வரியை அப்படியே விடச் சொன்னேன்.